இறங்கும் நாளுக்குத் தயாராகிற வண்டி

கேள்வி: கடலோர நகரத்தில் வசிக்கிறோம். விடுமுறைக்கு 420 கி.மீ. தள்ளி மலைமேல் இருக்கும் தேசியப் பூங்காவுக்குச் சொந்தக் காரிலேயே போய் மூன்று நாள் தங்கிவர ஆசை. பூங்கா சுமார் 1,800 மீட்டர் உயரம். கடைசி 35 கி.மீ. மலைப்பாதை. ஏழு பேர் உட்காரும் பெட்ரோல் வண்டி, சாதாரண கியர், வாங்கி ஆறு வருடம் ஆகிறது. நகரத்துக்குள் மட்டும்தான் ஓடியிருக்கிறது. நான், மனைவி, 68 வயது அம்மா, தங்கை, தங்கை வீட்டுக்காரர், 9 வயது மகள், 3 வயது மகன். மகளுக்கு வளைவுப் பாதையில் வாந்தி வரும். மாப்பிள்ளையும் நானும் மாற்றி மாற்றி ஓட்டுவோம். 'ராத்திரி 2 மணிக்குக் கிளம்பினால் ஒரே மூச்சில் போய்விடலாம்' என்கிறார் மாப்பிள்ளை. பெட்டிகளைக் கூரைமேல் கட்டலாமா? வண்டியில் என்னவெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்டிருப்பதெல்லாம் போகும் வழியைப் பற்றி. திட்டத்தைத் திரும்பி வரும் நாளிலிருந்து தொடங்குங்கள். மலை ஏறும்போது வண்டிக்கு முடியவில்லை என்றால் வேகம் குறையும், சூடாகும், நின்றுவிடும். இறங்கும்போது முடியவில்லை என்றால் வண்டி நிற்காது. அடிவாரம் 300 மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஆளும் சாமானுமாக 1,800 கிலோ எடையுள்ள உங்கள் வண்டி 1,500 மீட்டர் கீழே இறங்குகிறது. அப்போது வெளிப்படும் ஆற்றல், குழாய்த் தண்ணீர் 80 லிட்டரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை எஞ்சின் தாங்குமா, பிரேக் தாங்குமா என்பது நீங்கள் போடும் கியரைப் பொறுத்தது.

கடலோரத்தில் ஆறு வருடம் நின்ற வண்டி என்பதால் முதலில் பிரேக் ஆயிலைக் கவனியுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் திரவம். ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை இறங்கும். புதிய டாட் 4 பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது அதற்கான தரம், 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த எல்லை 155 டிகிரிதான். டாட் 3 என்றால் 205, ஈரம் ஏறிய பிறகு 140. நகரத்தில் எந்தச் சிக்னலிலும் பிரேக் அந்தச் சூட்டைத் தொடாது. அதனால் கெட்டுப்போன ஆயில் அங்கே வெளியே தெரியாமலே இருந்துவிடும். மலையிறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கின்மேல் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்குள் ஆயில் கொதித்து ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. நீங்கள் அழுத்தும் அழுத்தம் குமிழைச் சுருக்குவதிலேயே செலவாகி, பெடல் பஞ்சுபோல் தரைவரை போய்விடும். கடைசியாக மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது. நான்கு சக்கரத்திலும் பழைய ஆயிலை வெளியேற்றி, குழாயில் சிக்கிய காற்றையும் எடுக்க வேண்டும். எந்த ஆயில் என்பது வண்டியிலுள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும்.

அடுத்தது உப்புக்காற்றின் வேலை. காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வதற்கு இரண்டு பின்கள் உண்டு. அதன் ரப்பர் உறை கிழிந்து ஈரம் புகுந்தால் துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு காலை எடுத்தாலும் பேட் டிஸ்கை விடாது. இதை நீங்களே சோதிக்கலாம். அதிகம் பிரேக் பிடிக்காமல் பத்து கி.மீ. ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிடத் தெளிவாகச் சுடுகிறது என்றால் அங்கே பிரேக் உரசுகிறது. பேட் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் இந்தப் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடுங்கள். உள்பக்கப் பேடையும் பார்க்கச் சொல்ல வேண்டும்; அந்தப் பின்கள் இறுகிய வண்டியில் வெளிப்பக்கம் நன்றாக இருக்க, உள்பக்கம் மட்டும் தேய்ந்து போயிருக்கும். இரும்பு பிரேக் குழாய்களில் துரு, ஹேண்ட் பிரேக் கேபிள், பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை வெள்ளைப் பொடி, இவையும் அதே உப்புக்காற்றின் கணக்கில்தான் சேரும்.

ஒர்க்‌ஷாப்பில் 'ஜெனரல் சர்வீஸ் பண்ணிக் கொடுங்க' என்று விட்டுவிட்டு வராதீர்கள். பிரேக் ஆயில், நான்கு சக்கர பேட் அல்லது ஷூ, காலிப்பர் பின், கூலன்ட், பெல்ட், ஹோஸ், பேட்டரி என்று பெயர் சொல்லித் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். புறப்படுவதற்கு முந்தின நாள் அல்ல, இரண்டு வாரம் முன்பு கொடுங்கள். கைவைத்த இடத்தில் கோளாறு இருந்தால் பெரும்பாலும் முதல் நூறு, இருநூறு கி.மீ.க்குள் தெரிந்துவிடும். கழற்றி மாட்டிய சக்கரத்தின் நட்டுகளை 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை இறுக்கிப் பார்ப்பதும் அதற்காகத்தான்.

கூலன்ட் பற்றி ஒன்று. நகர ஓட்டத்தில் குறைந்ததையெல்லாம் வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பியிருந்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். கூலன்டும் தண்ணீரும் சரிபாதியான கலவை, மூடியின் அழுத்தமும் சேர்ந்து, 125 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். தண்ணீர் கூடக்கூட அந்த இடைவெளி குறையும், உள்ளே துருவும் ஏறும். ஏறும்போது சூடுமானி உயர்ந்தால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுங்கள். வண்டிக்குள் புழுங்கும், ஆனால் எஞ்சின் சூடு வெளியேற அது இன்னொரு சிறிய ரேடியேட்டர். அப்போதும் இறங்கவில்லையென்றால் ஓரங்கட்டி நிறுத்திக் காத்திருங்கள். சுடச்சுட மூடியைத் திறக்கவே கூடாது. கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடித்த காயங்கள் மிக மோசமானவை.

இனி எடை. ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் பட்டையையும் வண்டிக் கையேட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை வரம்பிலிருந்து வெற்று வண்டியின் எடையைக் கழித்தால் நீங்கள் ஏற்றக்கூடிய அளவு வரும். உங்கள் மாதிரி வண்டிகளில் அது பெரும்பாலும் 500 முதல் 600 கிலோவுக்குள் இருக்கும். பெரியவர்கள் ஐந்து பேர், சராசரி 65 கிலோ என்றால் 325. மகள் 28, மகன் 15, குழந்தை இருக்கை 8. ஆகமொத்தம் 376. கூரைக் கேரியர் 15, தண்ணீர் 20 லிட்டர் என்றால் 20 கிலோ. ஆளுக்கு 15 கிலோ பை வைத்தால் இன்னும் 105. சாப்பாட்டுப் பெட்டியைச் சேர்க்காமலே 516 ஆகிவிட்டது. 'ஏழு சீட் இருக்கிறது, ஏழு பேர் போகலாம்' என்பது சரி, ஆனால் ஏழு பேரும் ஏழு பெரிய பெட்டியும் என்று அந்த வண்டியைச் செய்யவில்லை. ஆளுக்கு 10 கிலோவுக்கு மேல் வேண்டாம். சக்கரம் வைத்த பெட்டிகளைவிடத் துணிப்பைகள் நல்லது. பெட்டியே மூன்று நான்கு கிலோ இருக்கும், மூன்றாவது வரிசைக்குப் பின்னால் இருக்கும் சிறிய டிக்கியில் மடங்கவும் மடங்காது.

கூரையில் கட்டலாம், அளவோடு. வரம்பு கையேட்டில் இருக்கும். பல வண்டிகளில் 50 முதல் 75 கிலோதான், கேரியரின் எடையும் அதில் சேர்த்தி. மேலே போர்வை, ஸ்வெட்டர், துணிமணி. கீழே, பின்சீட்டு முதுகை ஒட்டித் தண்ணீர், சாப்பாடு, செருப்புப் பை. கனமானதை உயரத்தில் வைத்தால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி சாயும்; முன்னே சொன்ன வாந்திக்கும் அந்தச் சாய்வு தூபம் போடும். கட்டிய பட்டைகளை 40 கி.மீ. தாண்டியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், சாமான் அமர்ந்து தளர்ந்திருக்கும். தண்ணீர் பாட்டில், ஃபிளாஸ்க் போன்றவை சீட்டில் உருளக்கூடாது. ஓட்டுநரின் காலடியில் உருண்டு வந்து பிரேக் பெடலுக்குக் கீழே மாட்டிக்கொண்ட பாட்டில் விபத்துக்குப் போதும்.

டயர் காற்றுக்கு அதே தூண் பட்டையில் இரண்டு அளவு இருக்கும், குறைந்த ஆள், நிறைந்த ஆள் என்று. நிறைந்த அளவைப் பிடியுங்கள். வண்டி மூன்று மணி நேரமாவது நின்று குளிர்ந்திருக்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. கூடத்தான் காட்டும், 'அதிகமாயிடுச்சு' என்று இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவான காற்றில் ஓட்டுவீர்கள். மலைமேல் போனால் காற்றைக் குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னாலும் தேவையில்லை. 1,800 மீட்டரில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மானி 3 பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூட்டிக் காட்டும். அங்கே குளிர் கூடுவதால் அதில் பெரும்பகுதி இறங்கியும் விடும்.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. தரையைத் தொடும் பட்டன் நன்றாக இருந்தாலும், ஆறு வயது டயரின் பக்கச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பாருங்கள். ஸ்டெப்னிக்கும் இதே சோதனை உண்டு, அதன் காற்றைப் பார்த்தே பல மாதமாகியிருக்கும். ஸ்டெப்னி மெலிந்த வகையா என்றும் பாருங்கள். அப்படியென்றால் அதில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டக்கூடாது என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். காற்றும் மற்ற டயரைவிட மிக அதிகம், பெரும்பாலும் 60 பி.எஸ்.ஐ. வீட்டு வாசலிலேயே ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு நட்டை வண்டியிலுள்ள ஸ்பேனரால் தளர்த்தி மறுபடி இறுக்கிப் பாருங்கள். காற்று கன் வைத்து முறுக்கிய நட்டு கையால் அசையாது என்பதை நடுவழியில், சாமான் எல்லாம் இறக்கி வைத்தபிறகு தெரிந்துகொள்ளக் கூடாது. ஜாக்கியும் ஸ்பேனரும் எல்லாப் பைக்கும் அடியில் போகாமல் வையுங்கள்.

மாப்பிள்ளை சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது, அந்த நேரத்தில் சாலை காலியாக இருக்கும். ஆனால் இரவு 2 முதல் காலை 6 வரை உடம்பு தூக்கத்துக்கு மிக ஆழமாக இழுக்கும் நேரம். முந்தின நாள் வேலைக்குப் போய், பை கட்டி, இரண்டு மணி நேரம் கண்மூடிவிட்டு ஓட்ட உட்காருபவரின் கைகளில் ஏழு உயிர். 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மங்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதோடு இரவில் கிளம்பினால் விடியலுக்கு முன் சாலையோரக் காடுகளைக் கடப்பீர்கள். விலங்குகள் சாலைக்கு வரும் நேரம் அதுவும் அந்திநேரமும்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சமவெளி 385 கி.மீ., சராசரி 55 வேகத்தில் ஏழு மணி நேரம். மலை 35 கி.மீ., சராசரி 25 வேகத்தில் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 15 நிமிட நிறுத்தம் என நான்கு, சாப்பாட்டுக்கு 40 நிமிடம். மொத்தம் பத்து மணி நேரத்துக்கு மேல். காலை 5:30க்குக் கிளம்பினால் மாலை 4 மணிக்குள் பூங்கா வாசல், நல்ல வெளிச்சத்தில். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநர் மாறட்டும், மலைப்பாதையை இருவரில் அதிகம் தூங்கியவர் எடுக்கட்டும். மதியம் 2 முதல் 4 வரை இன்னொரு தூக்கச் சரிவு வரும். அப்போது கண் சொருகினால் பாட்டைச் சத்தமாக வைப்பதும் கண்ணாடியை இறக்குவதும் சில நிமிடம்தான் தாங்கும். காபி குடித்துவிட்டு 15, 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் எழுந்திருப்பீர்கள்.

அந்த நிறுத்தங்கள் அம்மாவுக்கும் வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே இருப்பில் உட்கார்ந்தால் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. இறங்கி ஐந்து நிமிடம் நடக்கட்டும். கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெரியவர்களிடம் அடிக்கடி நடக்கிற தவறு, எங்கே நிற்கப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அந்தப் பயம் போய்விடும். அம்மா முன்சீட்டில். இரண்டாவது வரிசையில் மனைவி, மகள், குழந்தை இருக்கையில் மகன். பின்வரிசையில் தங்கையும், ஓட்டாத ஆளும்.

மகளை எக்காரணம் கொண்டும் மூன்றாவது வரிசையில் உட்கார வைக்காதீர்கள். அது பின் சக்கரத்துக்கு மேல் இருப்பதால் வளைவிலும் மேடுபள்ளத்திலும் அதிகம் ஆடும், வெளியே பார்க்கவும் ஜன்னல் சிறியது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'ஆடுகிறோம்' என்கிறது, கண் சீட்டின் முதுகையோ மொபைலையோ பார்த்து 'ஆடவில்லை' என்கிறது. அந்த முரண்தான் வாந்தி. நடுவில் மூன்று முனை பெல்ட் இருந்தால் நடுவில், உயர இருக்கையோடு உட்கார வைத்தால் முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரியும். இடுப்புப் பட்டை மட்டும்தான் இருக்கிறதென்றால் ஜன்னலோரம். மலைப்பாதையில் மொபைல், புத்தகம் இரண்டும் கிடையாது. வெறும் வயிறும் வேண்டாம், நிறைந்த வயிறும் வேண்டாம். அடிவாரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு எண்ணெய் இல்லாத சிற்றுணவு. மாத்திரை கொடுப்பதாக இருந்தால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். குமட்டல் வந்தபின் கொடுத்துப் பயனில்லை, மலை தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். கொட்டாவி, முகம் வெளுப்பது, திடீரென்று பேச்சு நிற்பது, எச்சிலை விழுங்கிக்கொண்டே இருப்பது, இதெல்லாம் அறிகுறி. அங்கேயே பத்திரமான இடத்தில் நிறுத்துங்கள். மூடியுள்ள அகன்ற டப்பா, ஈரத்துண்டு, ஒரு மாற்றுடை அவள் காலடியில் இருக்கட்டும், டிக்கியில் அல்ல.

இதில் ஓட்டுபவருக்கும் பங்குண்டு. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக் தொடாமல் ஒரே சீராக எடுத்தால் பாதி குமட்டல் குறையும்.

மலை ஏறும்போது எஞ்சினின் பலம் குறைவது தெரியும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இல்லாத வண்டியில் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறத்தாழ பத்து சதவீதம் போய்விடும். சமவெளியில் எளிதாக முந்தியிருக்கக்கூடிய லாரியை அங்கே முந்த முடியாமல் எதிர்ப்பக்கத்தில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். பின்னால் பாரம் இருப்பதால் வண்டியின் மூக்கு நிமிர்ந்து முகப்பு விளக்கு எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண் போட்ட சிறு திருகு இருந்தால், முழுச் சுமைக்குக் கையேடு சொல்லும் எண்ணில் வையுங்கள். வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து சிப்ஸ் பாக்கெட் உப்புவதைப் பார்த்துப் பிள்ளைகள் குதூகலிப்பார்கள்; ஷாம்பு, எண்ணெய் பாட்டில்களை அதே காரணத்துக்காக ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள்.

பூங்காவுக்குள் பலகையில் போட்டிருக்கும் வேகமே உச்சம். 80 வேகத்தில் விலங்கைக் கண்டு பிரேக் பிடித்தால் நிற்பதற்கு 70 மீட்டர் அளவு வேண்டும், தாழ்த்திய விளக்கோ பல வண்டிகளில் 60 மீட்டருக்கு மேல் காட்டாது. 50 வேகத்தில் 35 மீட்டரில் நின்றுவிடலாம். ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்று எதிர்பாருங்கள். ஸ்டியரிங்கை வெட்டாதீர்கள், நேர்க்கோட்டிலேயே பிரேக் பிடியுங்கள். சாப்பிடக் கொடுப்பது, தோலை வீசுவது வேண்டவே வேண்டாம். வண்டியைக் கண்டால் உணவு என்று பழகிய விலங்கு சாலையிலேயே நின்று, சாலையிலேயே அடிபட்டுச் சாகிறது. அனுமதிச் சீட்டு, தங்குமிடச் சீட்டு, வரைபடம் மூன்றையும் மொபைலில் சிக்னல் இல்லாமலும் திறக்கும்படி வைத்துக்கொண்டு, அடிவாரத்தில் டாங்கை நிரப்பிவிட்டு ஏறுங்கள்.

இனி அந்த இறக்கம். காலையில், நன்றாகத் தூங்கி எழுந்தபின், மூடுபனி விலகியதும் கிளம்புங்கள். முதல் இருநூறு மீட்டருக்குள் சமமான இடத்தில் ஒருமுறை பிரேக்கை நன்றாக அழுத்திப் பெடல் கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். வேகம் ஏறியபின் குறைப்பது கடினம். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், செங்குத்தான இடங்களில் இரண்டாவது. எஞ்சின் இரைச்சல் போடும், 3,000, 4,000 சுற்றுக்குப் போகும், போகட்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுபவர்கள் கணக்கையே தலைகீழாக வைத்திருக்கிறார்கள். இன்றைய எஞ்சின்கள் கியரில் உருளும்போது பெட்ரோலை அடியோடு நிறுத்திக்கொள்ளும், நியூட்ரலில்தான் ஓடுவதற்குப் பெட்ரோல் குடிக்கும். எஞ்சினையும் அணைக்கக் கூடாது, அணைத்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் துணைபலம் போய்விடும்.

வேகம் 40ஐத் தாண்டும்போது திடமாக அழுத்தி 30க்குக் கொண்டுவந்து, காலை முழுதாக எடுத்துவிடுங்கள். மறுபடி 40 வரும்வரை பிரேக்குக்கு ஓய்வு. இலேசாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் சூட்டை ஏற்றும். கருகிய வாசனை வந்தாலோ, பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி முன்னைப்போல் நிற்கவில்லை என்றாலோ பேட் சூடாகிப் பிடிப்பை இழக்கிறது என்று பொருள். அகலமான இடத்தில் ஒதுங்கி, எஞ்சினை அணைத்து ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி நேரம் நில்லுங்கள். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், வெடிப்பு விடும். பெடல் பஞ்சாகிக் கீழே போனால் அது ஆயில் கொதித்தது. பெடலை வேகமாகத் திரும்பத் திரும்ப மிதித்து, கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவரின் பக்கமாக ஒட்டி நிறுத்துங்கள்.

காதடைப்பும் இறங்கும்போதுதான் அதிகம். மகனுக்குச் சளி இருந்தால் வலியே எடுக்கும். வளைவுகள் தொடங்கும்போது உறிஞ்சிக் குடிக்க ஏதாவது கையில் கொடுங்கள். தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடுங்கள், தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு. அடிவாரம் வந்ததும் கால் மணி நேரம் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தபின், ஓட்டுநரை மாற்றிக்கொண்டு சமவெளியைத் தொடங்குங்கள்.